அப்பாயி சொன்னதில் பாதியைக் காணோம்

கேள்வி: டீச்சர், எங்கள் தோட்டத்துப் பெரியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து, டைப் அடித்து, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 'டெக்ஸ்ட்' வகைப் புலத்தில் சேர்த்திருக்கிறோம். பைதானில் எடுத்துப் பார்த்தால் என் அப்பாயியின் பேச்சு பாதியில் நிற்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்தால் பழைய லெப்டொப் திணறுகிறது. பைதானில் என்ன கோளாறு?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: பைதான் மேல் எனக்குச் சந்தேகமில்லை, மகள். 'டெக்ஸ்ட்' புலம் கொள்வது 65,535 பைட்தான். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் கேட்கும். 'கொழுந்து' நமக்கு நான்கு எழுத்து. கணினியோ ஒற்றுப் புள்ளியையும் உயிர்க் குறிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு 8 குறி, 24 பைட். கிட்டத்தட்ட 22 ஆயிரம் குறியில் புலம் நிரம்பிவிடும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தொடங்கி, 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குக் கப்பலேறிய சொந்தங்கள் வரை ஒருவர் மனம்விட்டுப் பேசினால் அது காணாது.

முதலில் மைஎஸ்கியூஎல் வினவலில் 'லெங்த்' போட்டு அந்தப் பதிவின் பைட் அளவைப் பாருங்கள். 'சார் லெங்த்' வேண்டாம், அது குறிகளை எண்ணும். விடை 65,535 அல்லது அதற்கு ஒன்றிரண்டு குறைவு என்றால், சேமிக்கும்போதே வால் வெட்டுப்பட்டிருக்கிறது. 'ஸ்ட்ரிக்ட் மோட்' எனும் கண்டிப்பு முறை இயங்கியிருந்தால் மைஎஸ்கியூஎல் பிழை காட்டி மறுத்திருக்கும், 5.7 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே இயங்கும். உங்கள் கணினியில் யாரோ அணைத்திருக்கலாம், அல்லது பதிப்பு பழையதாக இருக்கலாம். கண்டிப்பு முறையை இயக்கிவிடுங்கள். அப்புறம் புலத்தை 'மீடியம்டெக்ஸ்ட்' ஆக்குங்கள். 1 கோடியே 67 லட்சம் பைட்டுக்கு மேல் கொள்ளும். வெட்டுப்பட்ட பகுதி தானாகத் திரும்பாது, டைப் அடித்த கோப்பிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். ஒலிப்பதிவுகளை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். அந்தக் குரல்களுக்கு வேறு பிரதி இல்லை.

லெப்டொப் திணறலுக்குக் காரணம், எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்கும் 'ஃபெட்ச்ஆல்' கட்டளையாக இருக்கும். அது எல்லாப் பேச்சையும் நினைவகத்தில் கொட்டும். முதலில் பதிவு எண்ணையும் பெயரையும் மட்டும் எடுங்கள். பிறகு எண்ணைக் கொடுத்து ஒவ்வொரு பேச்சாக வாசியுங்கள். பைதானை மைஎஸ்கியூஎல்லோடு இணைக்கும் பைமைஎஸ்கியூஎல் நூலகத்தைப் பயன்படுத்தினால், அதிலுள்ள 'எஸ்எஸ்கர்சர்' வரிசை வரிசையாகத் தரும். ஆனால் அதை முழுதும் வாசித்து முடிக்காமல் அதே இணைப்பில் அடுத்த வினவலை அனுப்பக் கூடாது. உங்கள் வேலைக்கு முதல் வழியே போதும்.