எண்ணிக்கை நிலையாக இருந்தால் ஒரு ஈரநிலப் பறவைக் கூட்டம் இன்னும் நூறு வருடம் இருக்கும் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. மொத்தம் எத்தனை பறவைகள் என்பதை விட, வளர்ந்த பறவைகளில் வருடத்துக்கு எத்தனை சதவீதம் சாகின்றன என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பெருங்கொக்குகளை (ஆங்கிலத்தில் crane) எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு முட்டை இடும், ஒரு குஞ்சு தேறினாலே பெரிது. அந்தக் குஞ்சு ஜோடி சேர்ந்து கூடு கட்டச் சில வருடங்கள் ஆகும். ஒரு வருடம் குஞ்சே இல்லாமல் போனாலும் கூட்டம் தாங்கிவிடும். ஆனால் மின்கம்பியில் மோதியும் வேட்டையிலும் வளர்ந்த பறவைகள் வருடாவருடம் கொஞ்சம் கூடுதலாகச் செத்தால் தாங்காது. பறவைகள் நீண்ட நாள் வாழ்வதால் சரிவு கண்ணுக்குத் தெரியவும் தாமதமாகும். வாத்துகள் விஷயம் வேறு. அவற்றில் பல இனங்களுக்குக் கூடுகளும் குஞ்சுகளும் தப்புவதுதான் முக்கியம்.

அப்புறம் தண்ணீர். 100 பறவை நல்ல மழை வருடத்தில் 50 சதவீதம் கூடி 150 ஆகிறது. அடுத்த வறட்சியில் 50 சதவீதம் குறைந்து 75 ஆகிறது. சராசரி வளர்ச்சி பூஜ்யம் என்று கணக்கு சொல்லும், ஆனால் கால்வாசிப் பறவைகள் போய்விட்டன! ஈரநிலத்தில் இந்த ஏற்ற இறக்கம் ரொம்ப அதிகம். அதனால் ஒரு கடும் வறட்சியாவது அடங்காத கணக்கெடுப்பை வைத்து நீண்ட காலக் கணிப்பு செய்யக்கூடாது.

இந்த விகிதங்களைக் கணினியில் கொடுத்து, நூறு வருடத்தை ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்ப்பார்கள். எத்தனை முறை கூட்டம் அழிகிறது என்பதே அழிவு வாய்ப்பு. அதில் வரும் சதவீதத்தை நான் அப்படியே நம்பமாட்டேன். நீர்மட்டத்தைக் காப்பதா, வேட்டையை நிறுத்துவதா, எது அழிவு வாய்ப்பை அதிகம் குறைக்கும் என்று ஒப்பிடத்தான் அதை நம்புவேன்.

எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சைபீரியப் பெருங்கொக்குகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனாலும் பல வருடங்களாக மிக அருகிய இனம் என்றே அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் வைத்திருந்தார்கள். காரணம், கிட்டத்தட்ட எல்லாமே குளிர்காலத்தில் சீனாவின் போயாங் ஏரிப் பகுதியை நம்பியிருப்பவை. இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த கூட்டம் ராஜஸ்தானின் பரத்பூரில் 2002க்குப் பிறகு வரவே இல்லை. வட அமெரிக்காவின் ஹூப்பிங் பெருங்கொக்கு 1941இல் இருபது சொச்சம்தான் இருந்தது. இன்று அதன் இயற்கையான கூட்டம் மட்டுமே 500ஐத் தாண்டிவிட்டது. எனக்கு அது பெரிய சந்தோஷம்; ஆனால் அந்தக் கூட்டமும் குளிர்காலத்தில் டெக்சாஸின் ஒரே கடலோரத்தில்தான் இருக்கிறது. ஒரு பெரும் புயலோ எண்ணெய்க் கசிவோ போதும்.

நீங்கள் பார்க்கும் கூட்டத்துக்குக் கால்வளையத் தகவல் (காலில் அடையாள வளையம் மாட்டிய பறவைகளை வருடாவருடம் பார்த்து, எத்தனை பிழைத்திருக்கின்றன என்று எடுக்கும் பதிவு) இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் வருடாவருடம் கூடு கட்டும் ஜோடிகளையாவது தனியாக எண்ணி வையுங்கள்.