ஐரோப்பியர் வருவதற்கு முன் தென் அமெரிக்காவில் நகர நாகரிகம் எப்படித் தோன்றியது?
பலரும் இன்கா பேரரசையே நினைப்பார்கள். ஆனால் இன்காக்கள் இந்த வரலாற்றின் கடைசியில் வந்தவர்கள். பெரு நாட்டின் வறண்ட சூப்பே பள்ளத்தாக்கில், லிமாவுக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காரல் நகரம், கி.மு. 2600 அளவிலேயே, அதாவது எகிப்தில் பெரும் பிரமிடுகள் எழுந்த காலத்தை ஒட்டியே, தன் மேடைக்கோயில்களைக் கட்டத் தொடங்கிவிட்டது. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி வாழ்ந்த மக்கள் ஆற்றுநீரைக் கால்வாய்களில் திருப்பிப் பருத்தி விளைவித்தனர். அந்தப் பருத்தியில் வலை பின்னிய கடற்கரை மீனவர்கள், பதிலுக்கு நெத்திலியும் மத்தியும் அனுப்பினர். இந்தப் பண்டமாற்றே நகரத்தைத் தாங்கியது என்பது 1990களில் அங்கு அகழாய்வைத் தொடங்கிய தொல்லியலாளர் ரூத் ஷாடியின் விளக்கம். எனக்கு அதைவிட வியப்பூட்டுவது கட்டுமான முறைதான்: மட்பாண்டம்கூடச் செய்யாத அம்மக்கள், நாணலில் பின்னிய பைகளில் கற்களை நிரப்பி, பைகளோடேயே மேடைகளுக்குள் அடுக்கினர்; நிலநடுக்கத்தில் மேடை சரியாதிருக்க இது உதவியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.