முற்பணத்துக்கு முன்னால் காற்றை அளவுங்கள்

வணக்கம். மட்டக்களப்பு வாகரைப் பக்கம் நாற்பது குடும்பங்கள் காசு சேர்த்து ஒரு பழைய காற்றாலை வாங்கப் பார்க்கிறோம், முகவர் இந்த மாதமே முற்பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம்.

"கச்சான் ஆளையே தள்ளும்" என்று தென்மேற்குக் காற்றைப் பற்றிச் சொல்வது கணக்காகாது. காற்றின் வலு, வேகத்தின் மும்மடிக்கு, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்பதற்கு, ஏற்பக் கூடும். செக்கனுக்கு 6 மீற்றர் என்று நம்பிய இடத்தில் 5தான் வீசினால், வலுவில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அந்த வித்தியாசம் முகத்தில் படும்போது தெரியவே தெரியாது. வாடைக்கும் கச்சானுக்கும் இடையில் ஓலைகூட அசையாத நாட்களும் கணக்கில் வரவேண்டும். ஆகவே இறக்கை சுழலும் உயரத்துக்குக் கிட்ட அளவுக்கோபுரம் நிறுத்தி, குறைந்தது ஒரு வருடம் பதிவு எடுங்கள். வயல் வாடிக்குப் பக்கத்தில் கம்பு நட்டு அளந்தால் மரமும் கூரையும் கணக்கைக் கெடுத்துவிடும்.

அப்புறம், மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் லைன். 33 கிலோவோல்ட் கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது, உங்கள் மின்சாரத்தைத் தாங்குமா என்று இப்போதே விசாரியுங்கள். தூரம் கூடினால் அந்தச் செலவே உங்களை விழுங்கிவிடும். காற்று, சூரிய ஒளி போன்ற மின்திட்டங்களைக் கவனிக்கும் நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். அரச காணி என்றால் பிரதேச செயலகத்துக்கும் முதலே போங்கள்.

முகவரிடம் அந்தப் பழைய காற்றாலையின் கியர்பெட்டிப் பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். மழுப்பினால், சரி, ஆளை விட்டுவிடலாம்.