பத்து டிகிரி எங்கே குறையும்?

கேள்வி: பாளையங்கோட்டையில் மாடி வீடு. பங்குனி பிறந்துவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கும் தட்டட்டியிலிருந்து அனல் இறங்குகிறது. ஃபேன் போட்டால் வெக்கைதான் வீசுகிறது. கூலிங் பெயின்ட் அடித்தால் 10 டிகிரி குறையும் என்கிறார் கடைக்காரர். சுண்ணாம்பே போதும் என்கிறார் மாமனார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அந்த 10 டிகிரி எங்கே குறையும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வெள்ளை பூசிய தளத்தின் மேல்பரப்பு மத்தியான வெயிலில் அதற்கு மேலும் குறையும், உண்மைதான். அறைக்குள் பெரும்பாலும் 2 முதல் 4 டிகிரிதான். அதுவே தூக்கத்துக்குப் பெரிய உதவி. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், பொழுது சாய்ந்த பிறகுதான் சூட்டை உள்ளே விடுகிறது. குடிக்கிற வெயில் குறைந்தால் ராத்திரி இறங்குகிற அனலும் குறையும்.

டின்னில் 'எஸ்.ஆர்.ஐ.' எண் இருக்கிறதா பாருங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் திறனையும், ஏறிய சூட்டை வெளியே விடும் திறனையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. அளவுகோலில் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. நல்ல பூச்சு 100-ஐ ஒட்டி இருக்கும். எண்ணே போடாத டின் வேண்டாம். செங்கல் நிறத்துக்கும் ஆசைப்படாதீர்கள், வெள்ளைதான் வேலை செய்யும். '5 வருஷ கியாரண்டி' என்றால் ஒழுகலுக்கா, சூட்டுக்கா? பெரும்பாலும் ஒழுகலுக்குத்தான். பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுத்தபடி நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

உங்கள் மாமனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புதுச் சுண்ணாம்பும் வெயிலை நன்றாகவே திருப்பும், செலவும் கொஞ்சம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கரைத்துவிடும். வருஷா வருஷம் மாசியில் அடிக்க வேண்டும். பெயின்ட் சில வருஷம் நிற்கும். ஆனால் ஆனி, ஆடி மேல்காற்றில் படியும் புழுதியைக் கழுவாவிட்டால் அதுவும் மங்கிப்போகும்.

நான் என்றால் இந்த வருஷம் படுக்கையறைக்கு மேலே மட்டும் சுண்ணாம்பு அடித்துப் பார்ப்பேன். மத்தியானம் இரண்டு மணிக்கு அடித்த இடத்திலும் அடிக்காத இடத்திலும் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். ராத்திரி அறையிலும் வித்தியாசம் தெரிந்தால் அடுத்த வருஷம் பெயின்ட் வாங்குங்கள். அதற்கு முன்னால் தளத்தில் விரிசல், நீர்க்கசிவு இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுங்கள். ஈரத்தின் மேல் அடித்த பூச்சு உரிந்துவிடும்.

கேள்வி: தளம் பரவாயில்லை, மேற்குச் சுவர்தான் கொதிக்கிறது. ஃபால்ஸ் சீலிங் போடலாமா?

பதில்: வேண்டாம். அது சுவரில் ஏறும் சூட்டைத் தடுக்காது. வெயிலைச் சுவருக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். இடமிருந்தால் ஒரு புங்கை நடுங்கள். அது வளரும் வரை சுவரை விட்டு ஓரடி தள்ளிக் கீற்றுத் தட்டி கட்டுங்கள். ஜன்னலை மட்டும் அடைத்துவிடாதீர்கள், மேல்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும்.