கிப்புத்: பயிற்சியாளரா, இயக்குநரா? இரண்டும் சரிதான்

கிப்புத் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைக்காக, அவர் 1949 வரை இயக்குநர் என்ற தகவலும் 1959 வரை பயிற்சியாளர் என்ற தகவலும் எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பாப் கிப்புத் 1946 முதல் 1949 வரை விளையாட்டுத் துறை இயக்குநர். 1959-இல் ஓய்வு பெறும்வரை அங்கே நீச்சல் பயிற்சியாளரும் அவரே. அதனால் கட்டுரையில் "பயிற்சியை விட்டுவிட்டு இயக்குநரானார்" என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும்? இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் இயக்குநர் பதவி என்றால் பட்ஜெட், நன்கொடை, எல்லா அணிகளுக்கும் ஆள் நியமனம் என்று முழுநேர நிர்வாகம். அங்கே போகிறவர் பெரும்பாலும் குளக்கரைக்குத் திரும்புவதில்லை. அந்தக் கண்ணோடு பார்த்தால் 1949-க்குப் பிறகு அவர் பயிற்சியாளராக இருந்தது தவறாகத்தான் படும்.

சரிபார்க்க 1948-ஐ எடுத்துப் பாருங்கள். இயக்குநராக இருந்த அதே காலத்தில் லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் நீச்சல் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். ஆண்களுக்கான ஆறு நீச்சல் தங்கங்களையும் அந்த அணியே வென்றது! இதில் 100 மீட்டர் மல்லாந்து நீச்சலில் வென்ற ஆலன் ஸ்டாக் யேல் மாணவர். என்னைக் கேட்டால், கட்டுரைக்கு இந்த ஆண்டுதான் உயிர்.

அப்புறம் ஒன்று: அவர் பயிற்சியில் யேல் அணி பெற்ற 528 வெற்றி, 12 தோல்வி என்ற புகழ்பெற்ற கணக்கு இரண்டு அணிகள் நேருக்கு நேர் மோதிய போட்டிகளுக்கு மட்டும். தேசிய சாம்பியன்ஷிப் முடிவுகளை அதோடு கலக்காதீர்கள்.