ஊழியத்துக்கு போனா அடுப்பு எரியுமா?

கேள்வி: பாஸ்டர் ஐயா, நான் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறேன், முழுநேர ஊழியத்துக்கு ஆண்டவர் கூப்பிடுறார்னு மனசு சொல்லுது, ஆனா கிலோ கொறஞ்சாலே அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) தான் போடுறாங்க, வேலைய விட்டா அம்மாவுக்கு மருந்து யாரு வாங்குறது? இது விசுவாசக் குறைவா?

பதில்: இல்ல தங்கச்சி, அம்மாவ நெனக்கிறது எப்படி குறைவாகும்? பவுலே கொரிந்துல ஆக்கில்லா வீட்ல தங்கி கூடாரம் செஞ்சுகிட்டே தான் ஓய்வுநாள்ல ஜெப ஆலயத்துல பேசினாரு, அப்போஸ்தலர் 18ல பாருங்க. வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு ஆண்டவர் சாப்பாடா குடுத்த மன்னாவ கூட காலையிலயே போய் பொறுக்கணும், வெயில் ஏறினா உருகிடும் (கொழுந்துக்காரங்களுக்கு இத சொல்லியா குடுக்கணும்!). வேலைய இப்ப விடாதீங்க. ஞாயிறு பள்ளியில லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டு) பிள்ளைகளுக்கு கதை சொல்ல ஆரம்பிங்க, ஒரு வருஷம் போகட்டும், சபை மூப்பர்கிட்டயும் அம்மாகிட்டயும் பேசிட்டு மறுபடி எழுதுங்க.