பழைய கம்ப்யூட்டரில் பெரிய ஹார்ட் டிஸ்க்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கடைக்கணக்கு மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பி-யில் மட்டும்தான் ஓடும். அதனால் பென்டியம் 4 கம்ப்யூட்டரை இன்னும் வைத்திருக்கிறோம். 40 ஜி.பி. டிஸ்க் நிறைந்துவிட்டதால் 320 ஜி.பி. ஐ.டி.இ. டிஸ்க் ஒன்றை மாட்டினோம். 128 ஜி.பி. மட்டுமே தெரிகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
– விருதுநகர் வாசகர்

பதில்: டிஸ்கில் குறை இல்லை, விற்றவர் மீதும் தவறில்லை. டிஸ்கைப் பட்டைக் கேபிளால் மதர்போர்டோடு இணைக்கும் பழைய ஐ.டி.இ. முறையில், டிஸ்கின் ஒவ்வொரு செக்டாருக்கும், அதாவது தகவல் எழுதும் ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும், 28 பிட் எண் கொடுப்பார்கள். 28 பிட்டில் 26,84,35,456 செக்டார் வரைதான் எண்ண முடியும். ஒரு செக்டாருக்கு 512 பைட் என்றால் 137 ஜி.பி. ஆகிறது. விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் கணக்கிடுவதால் அதையே 128 என்று காட்டும். 48 பிட் எண் 2002-இல் வந்த ஏ.டி.ஏ.-6 தரத்தில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய மதர்போர்டு பலவற்றின் பயாஸுக்கு (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அது தெரியாது. சர்வீஸ் பேக் என்ற மேம்பாட்டுத் தொகுப்பு எதுவும் போடாத எக்ஸ்பி-க்கும் தெரியாது.

முதலில் பயாஸ் திரையைப் பாருங்கள். அங்கே 320 ஜி.பி. என்று சரியாக வந்தால் குறை எக்ஸ்பி-யில் இருக்கிறது. சர்வீஸ் பேக் 3 போட்டுவிட்டு டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் மீதி இடம் ஒதுக்கப்படாத இடமாகத் தெரியும். அதை டி டிரைவாக ஆக்கிக்கொள்ளலாம். பயாஸிலேயே 137 என்று வந்தால், மதர்போர்டு நிறுவனத்தின் கடைசி பயாஸ் பதிப்பைத் தேடிப் போடுங்கள். கிடைக்கவில்லையா? தனக்கென்று பயாஸ் வைத்திருக்கும் பி.சி.ஐ. ஐ.டி.இ. கார்டை ஸ்லாட்டில் செருகி, டிஸ்கை அதில் மாட்டுங்கள். 32 ஜி.பி. மட்டும் தெரிகிறது என்பவர்கள் டிஸ்கின் பின்புற ஜம்பரைப் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) பாருங்கள். அதற்கும் முந்தைய பயாஸ்களுக்காகக் கொள்ளளவைக் குறைத்துக் காட்டும் ஜம்பர் அங்கே இருக்கும், அதைக் கழற்றினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. வேறு கம்ப்யூட்டரில் 320 ஜி.பி.-யையும் ஒரே பார்ட்டிஷனாக (பகுதியாக) ஃபார்மட் செய்து, சர்வீஸ் பேக் இல்லாத எக்ஸ்பி-யில் மாட்டிவிடாதீர்கள். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடுவதுபோலவே இருக்கும். 137 ஜி.பி.-யைத் தாண்டி எழுத வேண்டிய நாளில் எண்ணின் மேல்பிட்டுகள் வெட்டுப்பட்டு, அந்தத் தகவல் டிஸ்கின் தொடக்கத்தில் போய் விழும். அங்கேதான் கோப்புகளின் அட்டவணை இருக்கிறது. பழைய எக்ஸ்பி சி.டி.யால் ரிப்பேர் இன்ஸ்டால் செய்தாலும் சர்வீஸ் பேக் போய்விடுவதால் இதே ஆபத்து உண்டு. சி டிரைவை 60 ஜி.பி.-யோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கணக்குக் கோப்புகளின் நகல் இரண்டு இடங்களில் இருப்பதை உறுதி செய்துகொண்டு பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: எங்களுக்கும் இதே கதைதான். ஆனால் டிஸ்க் முழுசாகத் தெரிகிறது. வேகம்தான் பழையதைவிடக் குறைவு. பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மவுஸ்கூட விட்டு விட்டு நகர்கிறது.
– காரைக்குடி வாசகர்

பதில்: மவுஸ் தடுமாறுவதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. டிஸ்க் பி.ஐ.ஓ. முறைக்கு இறங்கிவிட்டது. அந்த முறையில் ஒவ்வொரு துண்டுத் தகவலையும் பிராசஸரே சுமக்க வேண்டும், வேறு வேலைக்கு அதற்கு நேரமிருக்காது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐ.டி.இ. சேனலைத் திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் தற்போதைய டிரான்ஸ்ஃபர் மோடைப் பாருங்கள். பிராசஸரைச் சுமக்க வைக்காத முறையான அல்ட்ரா டி.எம்.ஏ. 5 என்பது போல இருக்க வேண்டும்.

பெரும்பாலும் கேபிள்தான் காரணம். பழைய 40 கம்பி கேபிளில் அல்ட்ரா டி.எம்.ஏ. 2, அதாவது விநாடிக்கு 33 எம்.பி., அதற்கு மேல் போக முடியாது. 80 கம்பி கேபிளிலும் 40 துளைகள்தான். கூடுதல் 40 கம்பிகளும் சிக்னல் கம்பிகளுக்கு நடுவே ஓடும் எர்த் கம்பிகள். கம்பிகள் மெல்லியதாக, நெருக்கமாக இருந்தால் அது 80 என்று கண்ணாலேயே அடையாளம் காணலாம். நீல முனை மதர்போர்டுக்கு, மறுமுனையில் உள்ள கறுப்பு மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. ஒரே டிஸ்க் என்றால் கறுப்பு முனையில்தான் மாட்ட வேண்டும். நடுவில் மாட்டி முனையைத் தொங்கவிட்டால் சிக்னல் எதிரொலித்துப் பிழை வரும். நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

கேபிளை மாற்றியதும் வேகம் தானாகத் திரும்பாது. பரிமாற்றப் பிழைகள் ஆறு சேர்ந்தால் எக்ஸ்பி ஒரு படி கீழே இறங்கும், இப்படி இறங்கி இறங்கி பி.ஐ.ஓ.-வில் வந்து நிற்கும். மேலே ஏறாது. டிவைஸ் மேனேஜரில் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். எக்ஸ்பி புதிதாகக் கண்டுபிடித்துச் சரியான வேகத்தில் தொடங்கும். புதுக் கேபிளிலும் மறுபடி இறங்கினால் டிஸ்கைச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: வி.ஐ.ஏ. 8237 சிப் உள்ள மதர்போர்டில் சாட்டா டிஸ்க் தெரியவே இல்லை. வேறு கம்ப்யூட்டரில் ஓடுகிறது.
– ஈரோடு வாசகர்

பதில்: அந்தச் சிப்புக்கு, ஐ.டி.இ.-க்குப் பிறகு வந்த இணைப்பு முறையான சாட்டாவின் முதல் வேகமான விநாடிக்கு 1.5 ஜிகாபிட் மட்டுமே தெரியும். 3 ஜிகாபிட் டிஸ்குடன் வேகத்தைப் பேசி முடிவு செய்வதில் தோற்றுவிடும். அக்கால சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்குகள் பலவற்றில் வேகத்தை 1.5-க்குக் கட்டுப்படுத்தும் ஜம்பர் உண்டு. எந்தப் பின்களில் போட வேண்டும் என்பதை டிஸ்கின் லேபிளில் பார்த்துப் போடுங்கள். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.-யில் ஜம்பர் கிடையாது. அதற்கு சிலிக்கான் இமேஜ் சிப் உள்ள பி.சி.ஐ. சாட்டா கார்டு வாங்கலாம். ஆனால் பி.சி.ஐ. பஸ் முழுவதற்கும் சேர்த்தே விநாடிக்கு 133 எம்.பி.தான்.

கேள்வி: கோர் 2 டூவோ, விண்டோஸ் 7. படங்களைச் சேமிக்க 4 டி.பி. டிஸ்க் போட ஆசை. பழைய பயாஸ் ஏற்குமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: தகவல் சேமிக்க ஏற்கும். அதிலிருந்தே விண்டோஸைத் தொடங்க வேண்டாம். எம்.பி.ஆர். என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை 32 பிட் எண் கொண்டது. 2.2 டி.பி.-க்கு மேல் அதற்குக் கணக்கு தெரியாது. அதைத் தாண்ட ஜி.பி.டி. அட்டவணை வேண்டும். ஜி.பி.டி. டிஸ்கிலிருந்து விண்டோஸைத் தொடங்க, பயாஸுக்குப் பதிலாக வந்த யு.இ.எஃப்.ஐ. வேண்டும், உங்கள் போர்டில் அது இருக்காது. ஆகவே விண்டோஸுக்கு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று எம்.பி.ஆர். முறையில், படங்களுக்கு 4 டி.பி. ஜி.பி.டி. முறையில். புது டிஸ்கை மாட்டியதும் டிஸ்க் மேனேஜ்மென்ட் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். அவசரத்தில் எம்.பி.ஆர். என்று சொல்லிவிட்டால் 2.2 டி.பி.-க்கு மேல் உள்ள இடம் பயன்படாது. டிஸ்க் காலியாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

4 டி.பி. டிஸ்க் 1678 ஜி.பி. என்றோ, 3 டி.பி. டிஸ்க் 746 ஜி.பி. என்றோ தெரிந்தால், 2.2 டி.பி.-யைக் கழித்த மிச்சம்தான் தெரிகிறது என்று பொருள். டிரைவரோ யு.எஸ்.பி. பெட்டியின் சிப்போ 32 பிட்டில் நின்றுவிட்டது. அந்த நிலையில் ஒரு கோப்புகூட எழுதாதீர்கள். இன்டெல் சிப்செட் என்றால் புதிய ராபிட் ஸ்டோரேஜ் டிரைவர் போட்டுவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: 1.5 ஜிகாபிட் சாட்டா உள்ள பழைய லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. போட்டால் பணம் வீண் என்கிறார்களே?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: வீண் இல்லை. 5400 சுற்று டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லிவிநாடி ஆகும். தேவையான செக்டார் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி, தலை நகர இன்னொரு 12. ஆக விநாடிக்கு அறுபது சிறு கோப்புத் துண்டுகளைக்கூட அது படித்து முடிக்காது. விண்டோஸ் தொடங்கும்போது படிப்பவையோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள். எஸ்.எஸ்.டி.-க்கு ஒரு துண்டு எடுக்க மில்லிவிநாடியில் ஒரு சிறு பகுதியே போதும். 1.5 ஜிகாபிட் கேபிள் தரும் 150 எம்.பி. வேகமே அந்த வேலைக்குத் தாராளம்.

வாங்குமுன் பழைய டிஸ்கைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு வரிசை ஊசிகள் இருந்தால் அது 44 பின் ஐ.டி.இ., சாட்டா எஸ்.எஸ்.டி. நேராக மாட்டாது. 9.5 மி.மீ. இடத்தில் 7 மி.மீ. எஸ்.எஸ்.டி. ஆடினால் 2.5 மி.மீ. பிளாஸ்டிக் சட்டம் வைத்து இறுக்குங்கள்.

எக்ஸ்பி-யை அப்படியே எஸ்.எஸ்.டி.-க்குக் குளோன் (முழு நகல்) செய்பவர்கள் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்பி 63-ஆம் செக்டாரில் தொடங்கும், எஸ்.எஸ்.டி.-யின் 4096 பைட் பக்கங்களோடு அது பொருந்தாது. ஒரு முறை எழுத வேண்டியதை இரண்டு முறை எழுத நேரும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் டிஸ்க் பகுதியில் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட் 32,256 என்றிருந்தால் தவறு, 10,48,576 என்றிருந்தால் சரி. ஜிபார்ட்டட் என்ற மென்பொருள் மூலம் பார்ட்டிஷனை நகர்த்தலாம். எக்ஸ்பி-க்கு டிரிம் (அழித்த கோப்பின் இடம் காலி என்று எஸ்.எஸ்.டி.-க்குச் சொல்லும் கட்டளை) தெரியாது என்பதால் பத்தில் ஒரு பங்கு இடத்தைப் பார்ட்டிஷன் செய்யாமல் விடுங்கள்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் பயாஸில் ஐ.டி.இ. முறையை, சாட்டாவுக்கென்றே வந்த ஏ.ஹெச்.சி.ஐ. முறைக்கு மாற்றலாம். ஆனால் அதற்கு முன்பே ரெஜிஸ்ட்ரியில், சர்வீசஸ் பகுதியில் உள்ள எம்.எஸ்.ஏ.ஹெச்.சி.ஐ.-யின் ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 7பி என்று முடியும் நீலத் திரைதான் வரும். வந்துவிட்டால் பதற வேண்டாம், பயாஸில் பழையபடி ஐ.டி.இ. என்று வைத்தால் விண்டோஸ் திறக்கும்.

கேள்வி: பழைய எஸ்.எம்.பி.எஸ். பவர் பெட்டியில் சாட்டா பவர் முனை இல்லை. மாற்றுக் கேபிள் போடலாமா?
– சேலம் வாசகர்

பதில்: போடலாம். சாட்டா முனையில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து மூடிய வகையைத் தவிருங்கள். உள்ளே கம்பிகள் விலகி ஷார்ட் ஆகித் தீப்பிடித்ததுண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகச் செருகப்பட்டு, பின்புறம் கழற்றக்கூடிய மூடியுள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்.